கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு: பஸ்ஸுக்கு வழி விட்டால் போதும்

சுரங்கப் பாதை வரும், அதிவேகப் பாதை வரும் என்று காத்திருந்தே காலம் போய்விட்டது. வெள்ளைப் பூச்சு, பிளாஸ்டிக் கூம்பு, இடம் மாற்றிய ஒரு தரிப்பிடம் ஆகியவற்றை வைத்தே கண்டி வீதியின் பஸ் பயணத்தைச் சீராக்கலாம். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பொறுப்பேற்க ஆள்தான் தேவை.

ஆண்டுதோறும் எசல பெரஹரா வரும்போது கண்டி நகரம் தன் வீதிகளை ஒரே நாளில் மாற்றிக்கொள்கிறது. எந்த வீதி எத்தனை மணிக்கு மூடப்படும், எந்த வழியால் பஸ் திரும்பும், வெளியூர் வாகனம் எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் பொலிஸார் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். இரும்புத் தடுப்பு, கயிறு, கூம்பு, சந்திக்குச் சந்தி சீருடை என்று கையில் இருப்பதை வைத்தே காரியம் நடக்கிறது. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, 16 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த, புனிதத் தந்தத்தை மக்கள் நேரில் தரிசிக்கும் ‘சிறி தலதா வந்தனாவ’வுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். இனி வர வேண்டாம் என்று அதிகாரிகளே கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நகரம் நிறைந்தது. அந்த நெருக்கடியிலும் கண்டி தன் வீதியை ஆளத் தெரிந்த நகரம் என்பதைக் காட்டியது.

விழாவுக்காக வீதியை மாற்றத் தெரிந்த நகரம், தினமும் பாடசாலைக்கும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோகிற சனத்துக்காக ஏன் அதைச் செய்யக்கூடாது? கெலிஓயாவில் காலை பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

பன்னிரண்டு கிலோமீற்றர், மூன்று நெரிசல்

கெலிஓயா கண்டியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. உடுநுவரைப் பகுதியின் கடைத்தெரு ஊர் இது. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழ்கிறார்கள். பேராதனையில் தொடங்கி கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாக மட்டக்களப்புப் பக்கத்துச் செங்கலடி வரை ஓடும் ஏ-5 வீதி ஊரின் நடுவே போகிறது. ரயிலும் உண்டு. 1867இல் கண்டிக்கு வந்த ரயில் பாதை, 1870களின் நடுவில் பேராதனையிலிருந்து நாவலப்பிட்டி வரை நீண்டபோது இந்த வழியாகத்தான் போனது.

இந்த வீதியில் போகும் பஸ் கெலிஓயாவுக்கு மட்டும் உரியதன்று. கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், புசல்லாவ, நுவரெலியா என்று மலையகத்தின் பாதிப் பகுதியிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் இதே வழியால்தான் வருகிறார்கள். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் தாய், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர், கண்டிக் கடையில் நிற்கும் இளைஞர், நகரப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை எல்லோரும் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.

நெரிசல் நாளுக்கு மூன்று தடவை வருகிறது. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குவதால் 6.15இலிருந்தே வீதி நிறைகிறது. அதன் வால் அடங்குவதற்குள் 8.30 மணி அலுவலகக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்டதும் இரண்டாவது. மாலை வேலை முடிந்து திரும்பும்போது மூன்றாவது. மூன்றும் எந்த நேரத்தில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த நேரத்தில் தெரிந்த இடத்தில் வருகிற நெரிசலுக்கு நாள் முழுதும் நிற்கும் கொங்கிரீட் மருந்து தேவையில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் மாறும் விதிகளே போதும்.

நேரம் எங்கே தொலைகிறது

பயணம் முழுவதும் பஸ் மெதுவாகப் போவதில்லை. ஓரிடத்தில் ஓடுகிறது, இன்னோர் இடத்தில் நின்றுவிடுகிறது. பெனிதெனியவுக்கு இப்பால் சாதாரண வேகத்தில் வருகிற பஸ், ஏ-5 வீதி கொழும்பு–கண்டி வீதியோடு சேரும் பேராதனையில் மாட்டிக்கொள்கிறது. மலையகத்திலிருந்து வருவதும் கொழும்பிலிருந்து வருவதும் அங்கே ஒன்றாகி மகாவலிப் பாலத்தை நோக்கி நெருக்குகின்றன. பாலத்தைத் தாண்டினால் தாவரவியல் பூங்கா வாசலும் கலஹா சந்தியும். அடுத்து பேராதனை போதனா வைத்தியசாலைப் பக்கம். அதற்கடுத்து பேராதனை வீதியும் வில்லியம் கோபல்லாவ மாவத்தையும் பிரிகிற கெட்டம்பே. கடைசியாக நகர வாசலில், பஸ் நிலையத்துக்குள் நுழைவதற்கான காத்திருப்பு.

கண்டியின் நில அமைப்பே அப்படி. மூன்று பக்கம் மகாவலி வளைத்திருக்க, மலைகளுக்கு நடுவே 500 மீற்றர் உயரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. உள்ளே வரும் வாசல்கள் எண்ணி முடிக்கக் கூடியவை. மேற்கே பேராதனை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர. 1988 முதல் உலக மரபுரிமை நகரம் என்பதால் நகர நடுவில் கட்டடத்தை இடித்து வீதியை அகலமாக்க வழியில்லை. அப்படி இடிக்கவும் கூடாது. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்த பிறகு மாளிகைக்கு முன்னால் ஓடிய வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அன்றிலிருந்து நகரைக் கடக்கும் வாகனங்கள் ஏரியைச் சுற்றியே போகின்றன. ஆகவே இருக்கிற வீதியின் அகலத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் கண்டியின் கேள்வி.

சற்றுக் கிட்டே போய் ஒரு தரிப்பிடத்தைப் பார்ப்போம். காலை ஏழு மணிக்கு முன் கெலிஓயாக் கடைத்தெரு. பஸ் தரிப்பிடத்துக்கென்று ஒதுங்கிய இடத்தில் இரண்டு ஓட்டோ, பாண் இறக்கும் ஒரு வான். கம்பளையிலிருந்து வரும் பஸ் ஓரம்கட்ட இடமில்லாமல் வீதியிலேயே பாதி உடம்பை வைத்து நிற்கிறது. பின்னால் வருகிற எல்லாம் நின்றுவிடுகின்றன. நடத்துனர் முன்வாசலில் தொங்கியபடி “நுவர, நுவர” என்று கூவுகிறார். உயரமான படி. புத்தகப் பையோடு ஒரு பிள்ளை ஏறுகிறது, ஒரு மூதாட்டி கம்பியைப் பிடித்து இரண்டு தவணையில் ஏறுகிறார். உள்ளே நின்றிருப்பவர்கள் பின்பக்கம் நகராததால் பின்வாசல் பாதி வெறுமையாகவே இருக்கிறது. எல்லோரும் ஏறிய பிறகும் பஸ் புறப்படவில்லை. எதிர்ச் சந்தில் ஓடிவருகிற நாலு பேருக்காகவும், பின்னால் வரும் போட்டி பஸ்ஸுக்கு அவர்களை விடக்கூடாது என்பதற்காகவும் சாரதி காலை பிரேக்கிலேயே வைத்திருக்கிறார். சட்டப்படி ஓடும் வாகனம் ஒன்று, அரை நிமிடத்தில் முடியவேண்டிய வேலைக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

இப்படி ஒவ்வொரு தரிப்பிடத்திலும் இரண்டு நிமிடம், ஒவ்வொரு சந்தியிலும் ஐந்து நிமிடம். கூட்டிப் பாருங்கள். தொலைந்த நேரத்தின் பெரும்பகுதி ஐந்தாறு இடங்களில்தான் கிடக்கிறது. அந்த ஐந்தாறு இடங்களைச் சரிசெய்தால் 12 கிலோமீற்றரும் சரியாகும்.

வராத சுரங்கமும் வரவேண்டிய நிலையமும்

கண்டியின் நெரிசலுக்கு நாம் இதுவரை எதிர்பார்த்ததெல்லாம் பெரிய மருந்து. சுதுஹும்பொலையிலிருந்து தென்னக்கும்புர வரை ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர் சுரங்கப் பாதை, கொரியக் கடனில் கட்டப்படும் என்று பேசப்பட்டது. இன்னும் கட்டப்படவில்லை. மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக்கு வரவேண்டிய கிளை முடியவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றது. வெளிநாட்டுக் கடனில் ஓடிய வேலைகள் பலவும் அதோடு நின்றன. அதற்கு முன்பே, 2020இல், ஜப்பானிய நிதியில் கொழும்புக்கு வரவிருந்த இலகு ரயில் திட்டம் கைவிடப்பட்டது.

இருக்கிற திட்டங்களில் நகரத்துக்கு உண்மையில் பயன்தரக்கூடியது குட்ஷெட் பகுதியில் அமையவுள்ள பல்வகைப் போக்குவரத்து நிலையம். சிதறிக் கிடக்கும் பஸ் நிலையங்களை ரயில் நிலையத்தை ஒட்டி ஓரிடத்துக்குக் கொண்டுவரும் நோக்கில், 2020இல் உலக வங்கி சுமார் 69 மில்லியன் டொலர் கடனை இதற்கு அனுமதித்தது. நல்ல நிலையம் தேவைதான். கூரை, கழிவறை, தகவல் பலகை எல்லாம் பயணிக்குச் சேரவேண்டிய மரியாதை. ஆனால் நிலையத்துக்கு வரும் வீதி அடைத்திருந்தால் புதிய நிலையம் தாமதமான பஸ்கள் ஒன்றுகூடும் அழகான இடமாக மட்டுமே இருக்கும். பல மில்லியன் டொலர் நிலையத்தின் பயனை ஒரு சில வாளி பூச்சுதான் முழுமையாக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை, கையிருப்பு எவ்வளவு குறைவு என்பதை மறுபடியும் நினைவூட்டியது. கம்பளையும் பேராதனையும் வெள்ளத்தைக் கண்டன. மலையக வீதிகளில் மண் சரிந்தது, ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. ரயில் நின்றால் அந்தக் கூட்டமும் பஸ்ஸுக்குத்தான் வரும். அரசின் பணம் பாலத்துக்கும் மண்சரிவுக்கும் போகவேண்டிய காலத்தில், குறைந்த செலவில் உடனே பலன் தரும் வேலையை முதலில் எடுப்பதே அறிவு.

உலகம் கண்ட வழி

பஸ்ஸுக்குத் தனி வழி விடும் துரித பஸ் போக்குவரத்தை, பி.ஆர்.டி. என்ற சுருக்கப் பெயரில் உலகம் அறியும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் அதற்கு வழிகாட்டியது. மெட்ரோ ரயில் கட்டப் பணமில்லாத நகரம், இருக்கிற வீதியின் நடுப்பகுதியைப் பஸ்ஸுக்குக் கொடுத்தது. 2000 டிசம்பரில் கொலம்பியாவின் பொகொட்டா, 2009இல் இந்தியாவின் அகமதாபாத் என்று பல நகரங்கள் தொடர்ந்தன. மேடையில் ஏறுவது, ஏறுமுன் கட்டணம் கட்டுவது, பஸ்ஸுக்கு மட்டும் பாதை என்ற மூன்றும் சேர்ந்தால் பஸ் ரயிலைப் போல ஓடும்.

அத்தகைய முழு பி.ஆர்.டி. இலங்கையில் எங்கும் இல்லை. கெலிஓயாவில் வீதிக்கு இரு பக்கமும் கடை நெருங்கி நிற்கிற நிலையில் அதை முழுமையாகக் கொண்டுவரவும் இயலாது. ஆனால் அதன் சாரத்தைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கடந்த பத்தாண்டு காட்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பொஸ்டனை அடுத்த எவரெட் என்ற சிறு நகரம் 2016 டிசம்பரில் ஒரு காரியம் செய்தது. நகரின் பிரதான வீதியில் காலை நேரம் மட்டும் ஓரத்தில் கார் நிறுத்துவதைத் தடுத்து, பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து பஸ்ஸுக்கு வழி ஒதுக்கியது. சோதனைக்காகத்தான் செய்தார்கள். பயண நேரம் 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. பயணிகள் விடவில்லை, நகரமும் விடவில்லை. கூம்பு வைத்த வழி பின்னர் நிரந்தரப் பஸ் ஒழுங்கையானது. நம் பக்கத்தில் பெங்களூர் 2019 அக்டோபரில் வெளிவட்டச் சாலையின் இடப்பக்க ஓரத்தைத் தடுப்புக் கம்பங்களால் பிரித்துப் பஸ்ஸுக்குக் கொடுத்தது. பிறகு மெட்ரோ கட்டுமானம் வந்து அந்த இடத்தை விழுங்கிவிட்டது. ஓர் ஓரத்தை ஒதுக்க எவ்வளவு குறைவாகச் செலவாகும் என்பதை மட்டும் அது நிரூபித்துச் சென்றது.

கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் கணிப்பின்படி தனியார் வாகனங்கள் ஓடும் ஒரு தடம் மணித்தியாலத்துக்கு 600 முதல் 1,600 பேரைக் கடத்தும். அதே தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை கடக்க முடியும். பேராதனைப் பாலத்தில் எத்தனை வாகனம் போகிறது என்று எண்ணுவது பழைய வழக்கம். எத்தனை மனிதர் போகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால் வீதியை யாருக்குக் கொடுப்பது என்பதில் வாதமே இருக்காது.

கெலிஓயா வீதிக்கு ஐந்து வேலைகள்

முதல் வேலை, தரிப்பிடங்களை இடம் மாற்றுவது. சந்திக்கு முன்னால் பஸ் நின்று ஆளை ஏற்றினால் அதற்குப் பின்னால் சந்தியே அடைக்கும், பச்சை விளக்கும் வீணாகும். சந்தியைத் தாண்டி ஐம்பது அறுபது மீற்றர் தள்ளி நிறுத்தினால் இரண்டும் தப்பும். தரிப்பிடத்தின் தரையை பஸ் படியின் உயரத்துக்குச் சற்று உயர்த்திவிட்டால் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் சிரமமின்றி ஏறுவார்கள். ஒவ்வோர் ஏற்றத்திலும் மிச்சமாகும் சில வினாடிகள் வழிநெடுக நிமிடங்களாகும்.

இரண்டாவது, பேராதனை, கலஹா சந்தி, கெட்டம்பே ஆகிய மூன்று நெருக்கடிச் சந்திகளுக்கு முன் எண்பது நூறு மீற்றர் நீளத்துக்குப் பஸ் மட்டும் போகும் குறு ஒழுங்கை. முழு வீதிக்கும் தனி வழி தேவையில்லை. வரிசை நிற்கிற இடத்தில் மட்டும் பஸ் முன்னால் போய் நின்றால் போதும். ஓரத்தில் கார் நிறுத்துகிற இடத்தை நெரிசல் நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் இதற்கான அகலம் கிடைத்துவிடும். அம்பியுலன்ஸும் இதே ஒழுங்கையால் போகலாம். பேராதனையில் போதனா வைத்தியசாலையும் கண்டியில் தேசிய வைத்தியசாலையும் இருக்கிற வழியில் இது உயிர் காக்கும் வசதி.

மூன்றாவது, கெட்டம்பேயிலிருந்து நகரம் வரை. வீதி இரண்டாகப் பிரிந்து ஓடும் இந்தப் பகுதியில்தான் தொடர்ச்சியான பஸ் ஒழுங்கைக்கு உண்மையான வாய்ப்பு உண்டு. காலை 6.15 முதல் 8.30 வரை நகரை நோக்கியும், மாலையில் வெளியே நோக்கியும் ஒரு தடம் பஸ்ஸுக்கு. முதல் மாதம் கூம்பு வைத்து, பலனைப் பார்த்து, பிறகு பூச்சும் தடுப்புக் கம்பங்களும்.

நான்காவது, சந்தி விளக்குகள். நெரிசல் நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பொலிஸார் கையால் வழிவிடுவது வழக்கமான காட்சி. அவர்கள் களத்தில் இருப்பதால் நீண்ட வரிசையைக் கண்டு விடுவிக்க முடிகிறது. அந்த அனுபவத்தையே விளக்கின் நேரத்துக்குள் கொண்டுவரலாம். பஸ் ஒழுங்கைக்கு முன்கூட்டியே ஏழு எட்டு வினாடி பச்சை கொடுத்தால் பஸ் மற்ற வாகனங்களுக்கு முன்னால் பாலத்தில் ஏறிவிடும்.

ஐந்தாவது, நடந்து வருகிறவரின் பாதை. தரிப்பிடத்தை நகர்த்தினால் அதற்குப் போகும் நடைபாதையும் பாதசாரிக் கடவையும் கூடவே நகர வேண்டும். கடைக்கு முன்னால் நடைபாதையில் வாளியும் பெட்டியும் குவிந்திருந்தால் சனம் வீதியில் இறங்கி நடக்கும், பஸ் அவர்களுக்காக மெதுவாகும். பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் முதலில் ஒரு பாதசாரிதான்.

இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு வழிக்குப் பத்து நிமிடம் மிச்சமாக்கினால் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போய்த் திரும்ப 120 நிமிடம் எடுக்கும் சேவையில் 10 பஸ் ஓடினால் 12 நிமிடத்துக்கு ஒரு பஸ். இரு வழியிலும் 20 நிமிடம் மிச்சமாகி 100 நிமிடமானால், அதே 10 பஸ்ஸும் அதே சாரதிகளும் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் தருவார்கள். புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமல் சேவை பெருகும். அறுபது பேர் ஏறிய பஸ்ஸில் பத்து நிமிடம் மிச்சமானால் மொத்தம் பத்து மனித மணித்தியாலம். அதில் பிள்ளைக்குத் தூக்கமும் தொழிலாளிக்குக் குடும்ப நேரமும் நோயாளிக்குக் கிளினிக் வரிசையில் முந்திய இடமும் இருக்கின்றன.

தில்லியும் கொழும்பும் சொல்லும் பாடம்

வழி ஒதுக்கினால் மட்டும் வெற்றி வராது என்பதற்குத் தில்லி சாட்சி. 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை ஏறத்தாழ 5.8 கிலோமீற்றருக்கு வீதி நடுவே பஸ் தடம் அமைத்தார்கள். தடத்துக்குள் நுழையும் தனியார் வாகனங்களைத் தடுக்க முடியவில்லை. சந்திகளில் விளக்குச் சுற்று நீண்டு எல்லோரையும் எரிச்சலூட்டியது. கார் வைத்திருப்பவர்களின் குரல் பத்திரிகைகளில் ஓங்கியது, பஸ்ஸில் போனவர்களின் குரல் கேட்கவில்லை. 2016இல் தடத்தையே பெயர்த்து எறிந்தார்கள். நீளமாகப் போட்டுவிட்டு நடத்த முடியாமல் தவிப்பதைவிட, குட்டையாகப் போட்டு ஒழுங்காக நடத்துவது மேல்.

கொழும்பிலும் முயற்சி நடந்திருக்கிறது. 2017இல் பஸ் முன்னுரிமை ஒழுங்கை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 2020 செப்டம்பரில் பிரதான வீதிகளில் ஒழுங்கைச் சட்டத்தைப் பொலிஸார் மறுபடி கடுமையாக நடைமுறைப்படுத்தினார்கள். சந்திக்குச் சந்தி பொலிஸ் நின்ற நாட்களில் ஒழுங்கு இருந்தது, நாளடைவில் அது தளர்ந்தது. மனிதரை நிறுத்தி மட்டும் காக்கிற ஒழுங்கை மனிதர் போனதும் போய்விடும். தரையில் தெளிவான பூச்சு, ஓரத்தில் தடுப்புக் கம்பங்கள், மீறினால் வீட்டுக்கு வரும் அபராதச் சீட்டு என்ற மூன்றும் நின்றால்தான் அது நிலைக்கும்.

பஸ்ஸும் மாற வேண்டும்

வீதியை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது பஸ் தரப்பும் கணக்குக் கொடுக்க வேண்டும். 1958 ஜனவரியில் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. 1979இல் தனியார் பஸ்ஸுக்குக் கதவு திறந்தது. அன்றிலிருந்து ஒரே வழியில் இருவரும் ஆளுக்காக ஓடுகிறார்கள். அன்றைய வசூலில்தான் சாரதிக்கும் நடத்துனருக்கும் கூலி என்றால், தரிப்பிடத்தில் காத்திருப்பதும் அடுத்த பஸ்ஸை முந்துவதும் அவர்களுடைய குணக்கேடு ஆகாது. வருமான முறை அவர்களை அப்படி ஓட வைக்கிறது.

ஆகவே பஸ் ஒழுங்கையோடு கூடவே கூட்டு நேர அட்டவணை வர வேண்டும். இ.போ.ச.வும் தனியாரும் ஒரே அட்டவணையில், இன்னார் இத்தனை மணிக்கு என்று ஓடவேண்டும். வசூலைப் பொதுவில் சேர்த்து ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பப் பங்கிட்டால் போட்டி நின்றுவிடும். பஸ்ஸில் ஜி.பி.எஸ். பொருத்தினால் எவர் எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்பது தெரிந்துவிடும். அந்தத் தகவலே அடுத்து எந்தச் சந்தியைத் திருத்த வேண்டும் என்பதையும் காட்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘சிசு செரிய’ பஸ்களைக் கெலிஓயா, வெலிகல்ல பக்கத்திலிருந்து கூடுதலாக ஓட்டினால், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கார், ஒரு வான் என்று காலையில் நகருக்குள் நுழையும் கூட்டமும் குறையும்.

கடைக்காரர், ஓட்டோக்காரர், கார்க்காரர்

எதிர்ப்பு வரும். கடை வாசலில் வாகனம் நிறுத்தக் கூடாதென்றால் வியாபாரம் விழும் என்று கடைக்காரர் அஞ்சுவார். அவர் அச்சத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நெரிசல் நேரத்தில் மட்டும் தடை, சரக்கு இறக்க 9 மணிக்குப் பிறகு இடம், கடைத்தெருவுக்குப் பின்னால் நிறுத்துமிடம் என்று அவருக்கும் ஒரு வழி சொல்லவேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறவரும் வாடிக்கையாளர்தான். தரிப்பிடம் ஒழுங்கான இடத்தில் இருந்தால் அவர் கடை வாசல் வழியாகத்தான் போவார்.

ஓட்டோக்காரரும் இதே வீதியில் உழைத்துச் சாப்பிடுகிறவர். பஸ் தரிப்பிடத்தை அவர் பிடித்திருப்பதற்குக் காரணம், அவருக்கென்று ஒரு நிறுத்துமிடத்தைக் குறித்துக் கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை என்பதே. தரிப்பிடத்துக்குச் சற்றுத் தள்ளி, இறங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் மஞ்சள் கோடு போட்டு அவருக்கும் ஓர் இடம் கொடுத்தால் அவர் பஸ்ஸுக்குப் பகையாக மாட்டார், துணையாவார். இறங்கியவரை வீட்டு வாசல் வரை கொண்டுபோகிறவர் அவர்தான்.

கார்க்காரருக்கு நேரடியாகவே சொல்லவேண்டும். பஸ் நேரத்துக்கு வந்தால் காரை வீட்டில் விடுகிறவர்கள் கூடுவார்கள், வீதியில் மீதியிருப்பவர்களுக்கு இடம் கிடைக்கும். இன்று காரில் போகிறவர்களில் பலர் பஸ்ஸை நம்ப முடியாததால்தான் கடன்பட்டாவது வாகனம் வாங்கினார்கள். நம்பிக்கையை மீட்டால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்று சொல்லமாட்டேன். பத்தில் ஒருவர் திரும்பி வந்தாலும் பேராதனைச் சந்தி மூச்சுவிடும்.

யார் கையெழுத்து?

உண்மையான தடை பணத்தில் இல்லை, மேசைகளில்தான் இருக்கிறது. ஏ-5, ஏ-1 இரண்டும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதிகள். போக்குவரத்து ஒழுங்கு பொலிஸின் பொறுப்பு. கெலிஓயாக் கடைத்தெரு பிரதேச சபையின் எல்லை, கண்டி நகரம் மாநகர சபையின் எல்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் கையில், மாகாணம் தாண்டும் பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில், இ.போ.ச. டிப்போ மத்திய அமைச்சின் கையில். ஒரு தரிப்பிடத்தை அறுபது மீற்றர் நகர்த்த இத்தனை மேசைகளின் ஒப்புதல் வேண்டும். அதனால்தான் அது நகர்வதில்லை.

மத்திய மாகாண ஆளுநரின் பொறுப்பில், இந்த எல்லா அமைப்பிலிருந்தும் கையெழுத்திடும் அதிகாரமுள்ள ஒருவரைச் சேர்த்து, கம்பளை–கெலிஓயா–கண்டி வழித்தடத்துக்கென்று ஒரே செயற்குழுவை அமைக்கவேண்டும். பெரஹராவுக்கு இப்படித்தான் கூடுகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இந்த வீதியின் ஓரத்திலேயே இருக்கிறது. பயண நேரத்தை அளக்கும் பொறுப்பை மாணவரிடம் கொடுக்கலாம். 2018இல் ஜப்பானிய உதவியோடு வந்த பெருங்கண்டி நகரத் திட்டம் உட்பட, அறிக்கைகளுக்குக் கண்டியில் பஞ்சமில்லை. அறிக்கையிலிருந்து வீதிக்கு இறங்குகிற முதல் படிதான் இன்னும் எடுக்கப்படவில்லை.

செய்யவேண்டிய வரிசை எளிது. பாடசாலைத் தவணை நடக்கும் ஒரு மாதத்தைத் தெரிவுசெய்து முதலில் இரண்டு வாரம் அளக்க வேண்டும். கெலிஓயாவிலிருந்து கண்டி வரை ஒவ்வொரு பஸ்ஸும் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இழக்கிறது என்பது எழுத்தில் வரட்டும். அடுத்த இரண்டு வாரம் கூம்புகளோடு சோதனை. மறுபடி அளவு. நன்மை கண்ட இடத்தில் பூச்சும் தடுப்புக் கம்பங்களும், நன்மை காணாத இடத்தில் வேறு முயற்சி. பயண நேரத்தை மாதாமாதம் மூன்று மொழியிலும் தரிப்பிடங்களில் ஒட்டவேண்டும். பஸ் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று சனத்துக்குத் தெரிந்தால், அதைக் காப்பாற்றும் பொறுப்பு யாருக்கு என்பதும் தெரிந்துவிடும்.

இந்த நாட்டில் பெரும்பாலானவர்களை வேலைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் கொண்டுசேர்ப்பது பஸ்தான். அவர்களிடம் கார் இல்லை, அதனால் குரலும் குறைவு. வீதி எல்லோருடைய வரியிலும் போடப்பட்டது. அதில் அதிகம் பேர் போகும் வாகனத்துக்கு முதல் வழி கொடுப்பது சலுகை ஆகாது, பங்கீட்டில் நேர்மை. இந்தப் பன்னிரண்டு கிலோமீற்றரில் அதைச் செய்துகாட்டினால் திகன வீதியும் கட்டுகஸ்தோட்டை வீதியும் அடுத்த தவணையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும். மாகாண நிர்வாகம் எடுக்க வேண்டிய முதல் முடிவு, சோதனை எந்த மாதத்தில் என்பதுதான். அந்தத் தேதியை அறிவிக்கச் சொல்லி, கெலிஓயாவில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொருவரும் தங்கள் பிரதேச சபைப் பிரதிநிதிகளிடமும் மாகாண நிர்வாகத்திடமும் இன்றே கேட்கட்டும்.